ஒரு நாளைக்கு மட்டும் ஒரு சைலன்சர்

— ஒரே ஒரு நாளைக்குத்தான் கேக்குறேன். நாளைக்குச் சாயங்காலம் கொண்டாந்து இதே மேசையில வச்சிடுறேன். போதுமா?

— இரு, லேத்தை நிறுத்திக்கிறேன். எனக்கு ஏதோ கோளாறு போல. ரைமோ அண்ணன் என் பட்டறைக்கு வந்து துப்பாக்கிக்குச் சைலன்சர் கேக்குற மாதிரி இருந்துச்சு.

— கேட்டேன்தான். கிண்டல் பண்ணாம எடுத்துக் குடு துய்யா.

— இருபது வருஷமா இதைத் தகர டப்பான்னு சொன்ன வாய் இது. என் கல்யாணத்துல அத்தனை பேர் முன்னாடி எந்திரிச்சு, என் தங்கச்சி துப்பாக்கிக்கெல்லாம் மூக்கடைப்பு வரவைக்கிற டாக்டர்னு பேசுனியே. என் மாமியார் இன்னமும் அதைச் சொல்லித்தான் சிரிக்கிறாங்க.

— அது குடிச்சிட்டுப் பேசுனது.

— போன வருஷம் வேட்டைக் குழு விருந்துல? அங்க மோர்தானே குடிச்சே.

— இந்தா பாரு, நாலு பேச்சு வாங்கித்தான் ஆகணும்னு தெரிஞ்சேதான் வந்தேன். வாங்கிக்கிறேன். காப்பி இருக்கா?

— பிளாஸ்க்ல இருக்கு. ஏலக்காய் பன்னும் இருக்கு, எடுத்துக்கோ. ஆமா, ரிம்மா எங்க? நீ வண்டியை நிறுத்துனா உனக்கு முன்னாடி அதுதானே குதிச்சு ஓடி வரும்.

— வண்டியிலதான் கெடக்கு. பின்கதவைத் தொறந்துதான் வச்சிருக்கேன். தூங்குது.

— ஞாயித்துக்கிழமை நடந்ததை எஸ்கோ பொண்டாட்டி கடையில வச்சுச் சொன்னா. நெசந்தானா?

— நெசந்தான். காலையில எட்டு மணிக்கெல்லாம் ஒரு கடமானைக் கண்டுபிடிச்சு, சதுப்பு ஓரமா நிறுத்தி வச்சுக் குரைச்சுட்டு இருந்துச்சு. சும்மா சொல்லக் கூடாது, அந்த மாதிரி நிறுத்தி வைக்க இந்தச் சுத்துவட்டாரத்துல வேற நாய் கெடையாது. நான் கிட்டப் போறதுக்குள்ள மான் கிளம்பிருச்சு. கெழக்கால ஓடுது. இது பின்னாடியே ஓடுது. நான் கூப்பிடுறேன், கொம்பு ஊதுறேன், தொண்டை கிழியக் கத்துறேன். போன் மேப்புல பாத்தா அதோட கழுத்துப்பட்டை காட்டுற புள்ளி எல்லைக்கோட்டைப் பாத்துப் போயிட்டே இருக்கு.

— ரஷ்யாவுக்கே போயிருச்சா?

— எல்லைக் கம்பத்துக்கு நூறு அடி இந்தப் பக்கம் காவல்காரங்க பிடிச்சுக் கட்டி வச்சாங்க. நான் போய்க் கூட்டியாந்தேன். எட்டு பேர் நாள் முழுக்கக் குளிர்ல நின்னது வீண். இது ரெண்டாவது தடவை இல்லை, அஞ்சாவது தடவை. எஸ்கோ குழுத் தலைவன், அவன் சொல்லித்தானே ஆகணும். கூப்பிட்டா வராத நாயோட நாங்க காட்டுக்கு வர முடியாது ரைமோ, சனிக்கிழமைக்குள்ள ஒரு முடிவுக்கு வான்னுட்டான்.

— நீ என்ன சொன்னே?

— வரேன்னேன். அதை விடு. டப்பாவை எடு.

— டப்பான்னு சொன்னா எடுக்க மாட்டேன்.

— சரி தாயே. சைலன்சர். அந்த அலமாரியில இருக்குற கறுப்பு சைலன்சர்.

— உன் துப்பாக்கியில மாட்டணும்னா குழல் நுனியில திருகுற மாதிரி மரை வெட்டியிருக்கணும். அப்பாவோட பழசைத் தூக்கிட்டு வந்திருந்தா, இன்னைக்கு ஆகாது.

— பழசு இல்லை. ஐலா என் அறுபதுக்கு வாங்கிக் குடுத்தாளே, அது.

— அதுல கம்பெனியிலேயே மரை வெட்டித்தான் வருது. அண்ணி விவரமாத்தான் வாங்கிருக்காங்க. நீதான் நாலு வருஷமா மூடியைத் திருகி வச்சுட்டுத் திரியுறே.

— துப்பாக்கின்னா துப்பாக்கி மாதிரி இருக்கணும். நுனியில கொழுக்கட்டை சொருகி வச்ச மாதிரி இருந்தா எவன் மதிப்பான்னு நெனச்சேன். போதுமா? அது என்ன, பாதியா அறுத்து வச்சிருக்கே?

— கடைக்காரங்களுக்கும் வாங்க வர்றவங்களுக்கும் காட்டுறதுக்கு. கையில எடுத்துப் பாரு. நீ ஒருநாளாச்சும் உள்ள என்ன இருக்குன்னு பாத்திருக்கியா?

— பஞ்சுன்னு நெனச்சேன்.

— பஞ்சாமே. ஊரெல்லாம் கிண்டல் பண்ணிட்டு உள்ள பஞ்சு இருக்குன்னு நெனச்சிருக்கு பாரு மனுஷன்.

— இது என்ன, கூம்பு கூம்பா?

— காப்பி வடிகட்டித் தாளை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குன மாதிரி இருக்கா? ஆனா தாள் இல்லை, உருக்கு. நடுவுல குண்டு போற வழி. குண்டு நேரா போயிரும். பின்னாடியே வெறி புடிச்சு வர்ற சூட்டுக்காத்து இருக்கு பாரு, அதைத்தான் இந்தக் கூம்பு ஒவ்வொண்ணும் புடிச்சு, உக்கார வச்சு, சுத்தவிட்டு, ஆத்தி வெளிய அனுப்புது. வேகம் போனா சத்தம் போச்சு, சூடு போனா தீ போச்சு. அவ்வளவுதான் விஷயம்.

— ஓட்டை இத்தனூண்டு இருக்கு. கூம்பு ஒரு முடி கோணினாலும் குண்டு இடிக்குமே.

— இடிக்கும். அதனாலதான் கோணாது. ஒரு முடியைப் பத்தாப் பிரிச்சா அதுல ஒரு பங்கு தப்பினாலும் அந்தக் கூம்பு குப்பைக்குப் போயிரும். வாரத்துக்கு ஒரு வாளி போகுது.

— இத்தனையும் நீ ஒருத்தியே?

— நானும் இந்த லேத்தும். கூமோ சுத்துப்பட்டுல இருக்குற வேட்டைக் குழு பாதிக்கு மேல என் சாமான்தான் வச்சிருக்கு. எஸ்கோகூட. உனக்குத் தெரியாதுன்னு மறைச்சு வச்சிருப்பான், பாவம்.

— எஸ்கோவா? நாலு வருஷமா எனக்குப் பக்கத்துலயே நிக்கிறான். அவன் துப்பாக்கிக் குழலே அப்படித்தான்னு நெனச்சேன். சும்மா சொல்லக் கூடாது துய்யா, பாக்க அழகா இருக்கு. அறுத்து வச்சதே இவ்வளவு அழகா இருக்கு.

— இதைக் கேக்க எனக்கு நாப்பத்தெட்டு வயசாச்சு.

— சரி, மாட்டிக் குடு, கிளம்புறேன்.

— அப்படியெல்லாம் மாட்டிட்டுப் போயிற முடியாது. பின்னாடி சுடுற மேட்டுக்கு வா. மாட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு, மாட்டினப்புறம் ஒண்ணு சுட்டுக் காட்டு. என் கையில இருந்து போற எதுவும் சுட்டுப் பாக்காமப் போகாது.

— அவசியமா?

— அவசியம். இந்தா, காதுமூடி.

— எனக்கு எதுக்கு. இடது காது எப்பவோ போயாச்சு.

— அப்ப வலது காதுக்குப் போடு. எங்க, அந்தப் பலகை தெரியுதா, மஞ்சளா? எம்பது அடி. சுடு.

— காதை மூடிக்கோ. சுடுறேன்.

— அம்மாடி. என் நெஞ்சு ஒரு தடவை நின்னு ஓடுது. அங்க பாரு, பக்கத்து வீட்டு சிர்பாவோட குதிரைங்க வேலிக் கடைசி வரைக்கும் பறக்குது. இப்ப போன் பண்ணுவா பாரு. இந்தா, நான் சொன்னேனா, அடிக்குது. ஹலோ சிர்பா. ஆமா. இல்லை, என் அண்ணன். ஆமா, அவரேதான். இனிமே சத்தம் வராது, நீ குதிரைங்களுக்கு ஓட்ஸ் போடு. சரி. வைக்கிறேன்.

— என்ன சொல்றா?

— உங்க அண்ணன் இன்னும் உயிரோடதான் இருக்காரான்னு கேக்குறா. குழலை இப்படித் திருப்பு. மூடியைக் கழட்டுறேன். நாலு வருஷத் துரு. பாரு, எப்படி ஒட்டிக்கிச்சு. ம், வந்துருச்சு. இப்ப இதைத் திருகணும். கையாலேயே. கடைசிச் சுத்துல ஒரு இறுக்கு. எல்லாக் கோளாறும் இந்தக் கடைசிச் சுத்தை மறக்குறதாலதான் வரும்.

— கொஞ்சம் கனமா இருக்கு நுனியில.

— அந்தக் கனம்தான் உனக்கு நல்லது. துள்ளாது. சுடு.

— சுடட்டுமா?

— அதான் சொல்றேனே.

— …துய்யா.

— என்ன?

— சுட்டேனா?

— சுட்டே.

— பலகையில குண்டு பட்டது கேட்டுச்சு. டொக்குன்னு. என் காதால கேட்டேன். நாப்பத்தஞ்சு வருஷமா சுடுறேன், என் குண்டு போய்ச் சேர்ற சத்தத்தை இன்னைக்குத்தான் கேக்குறேன்.

— சினிமாவுல வர்ற மாதிரி புஸ்ஸுன்னு போகும்னு நெனச்சியா? அப்படிப் போகாது. குண்டு காத்தைக் கிழிக்கிற சத்தம் இருக்கத்தான் செய்யும். காதைக் கெடுக்குற இடி மட்டும் இருக்காது.

— அது மட்டும் இல்லை. பலகையில ஓட்டை விழுந்ததைப் பாத்தேன். போன அக்டோபர்ல பொழுது சாயுற நேரத்துல ஒரு பெரிய ஆண் கடமான், முறம் மாதிரி கொம்பு, சுட்டேன். குழல் நுனியில தீ வந்துச்சு பாரு, ஒரு நிமிஷம் கண்ணு இருண்டே போச்சு. பட்டுச்சா, படலையா, எங்க ஓடுச்சு, ஒண்ணும் தெரியலை. ரெண்டு மணி நேரம் ரத்தம் தேடி அலைஞ்சோம். இது இருந்திருந்தா விழுந்த இடம் தெரிஞ்சிருக்கும்.

— தெரிஞ்சிருக்கும்.

— அந்த மரங்கொத்தியைப் பாரு. நிறுத்தவே இல்லை. கொத்திட்டேதான் இருக்கு. குதிரைங்ககூடத் திரும்பி வருது. சும்மா சொல்லக் கூடாது துய்யா. இருபது வருஷம் முட்டாள்தனமா வீணடிச்சிருக்கேன். நீ பெரிய ஆளுதான். அப்பா இருந்திருந்தா சொல்லிருப்பாரு, அவரு இல்லை, நான் சொல்றேன். பெரிய வேலை பண்ணிருக்கே.

— போதும், நான் அழுதுருவேன். பலகைக்கு வா. பாத்தியா, முதல் குண்டுக்கு நாலு விரல் கீழ விழுந்திருக்கு. மாட்டினா விழுற இடம் மாறும், அது எல்லாத் துப்பாக்கிக்கும் உண்டு. இன்னும் மூணு சுடு. குறி பாக்குற தொலைநோக்கியைத் திருத்திக் குடுத்துடுறேன்.

— அதெல்லாம் வேண்டாம்.

— சனிக்கிழமை நாலு விரல் கீழ சுட்டு மானை நொண்டியாக்கப் போறியா?

— பத்தடி தூரத்துக்கு நாலு விரலெல்லாம் ஒரு கணக்கா. விடு.

— பத்தடியா?

— ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

— அண்ணே. எந்தக் கடமான் உன்னைப் பத்தடியில நிக்க விடும்?

— காப்பி ஆறிப் போயிருக்கும். வா, உள்ள போவோம்.

— என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. பத்தடியில என்ன இருக்கு?

— ரிம்மா.

— நம்ம ரிம்மாவையா?

— அப்படிப் பாக்காத துய்யா. நாய்க்காரன்தான் செய்யணும். அடுத்தவன் கையில குடுக்குறது நம்ம பழக்கம் இல்லை. உனக்குத் தெரியாததா.

— வேற யாருக்காச்சும் குடேன். வீட்டு நாயா இருந்துட்டுப் போகட்டும்.

— காட்டு வாசனை பட்டாலே கயித்தை அறுத்துட்டு ஓடுற ஜென்மம் அது. எவன் வாங்குவான்? வாங்குனாலும் ரோட்டுல லாரிக்கு அடியில போயிரும், இல்லை எல்லையைத் தாண்டிரும். அங்க பசியில செத்தாலும் நமக்குத் தெரியாது.

— கால்நடை டாக்டர்கிட்டக் கொண்டு போகலாமே. ஊசிதானே.

— தொண்ணூறு கிலோமீட்டர். அந்த வாசல் நெருங்குனதுமே நடுங்க ஆரம்பிச்சுரும். பயந்து நடுங்கிக்கிட்டே இரும்பு மேசையில அது போகக் கூடாது. எனக்கு இவ்வளவு செஞ்ச நாய் அது. வீட்டுக்குப் பின்னாடி, சவுனாக் குளியல் அறையைத் தாண்டி, அது வழக்கமாப் படுக்குற இடத்துல. வாயில ஒரு துண்டு சாஸேஜ் இருக்கும்போதே. அதுக்குத் தெரியவே கூடாது.

— அதுக்கு எதுக்கு என் சாமான்?

— ஐலா வீட்டுல இருப்பா. இடுப்பு ஆபரேஷன் ஆனதுல இருந்து வாசலைத் தாண்டுறது இல்லை. அடுப்படி ஜன்னல் அந்தப் பக்கந்தான். சாயங்காலம் நானே சொல்லிருவேன், மறைக்க மாட்டேன். ஆனா சொல்லித் தெரிஞ்சுக்குறது வேற, காதால கேக்குறது வேற. அந்தச் சத்தம் அவளுக்குள்ள கெடக்கும். ஒவ்வொரு தடவை கதவு அடிச்சாலும் அவளுக்கு அதுதான் கேக்கும்.

— நான் இதைச் செஞ்சது காது பொழைக்கட்டும்னுதான் அண்ணே. இதுக்கு இல்லை.

— இதுவும் ஒரு காது பொழைக்கிறதுதான். ஐலா காது.

— நீ புகழ்ந்தப்ப நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா.

— புகழ்ந்தது பொய் இல்லை. சத்தியமாப் பொய் இல்லை.

— எடுத்துட்டுப் போ. நான் தடுத்தா நீ வெறுங்குழல்லயே செய்வே, அது அண்ணிக்கு இன்னும் கொடுமை. ஆனா அதைப் பாத்துட்டுத்தான் அனுப்புவேன்.

— பாரு. எழுப்பாதே.

— ரிம்மா. ரிம்மாக் குட்டி. அத்தை வந்திருக்கேன் பாரு. ஏய் சோம்பேறி.

— நல்லாத் தூங்குது, விடேன்.

— அண்ணே, இது எப்ப இருந்து தூங்குது?

— வர்ற வழியிலயே சுருண்டுக்கிச்சு.

— நீ முதல்ல வெறுங்குழல்ல சுட்டியே, அப்பவும் இது எந்திரிக்கலையா?

— அதுக்கு அதெல்லாம் பழக்கம்.

— என்ன பழக்கம்? வேட்டை நாய் துப்பாக்கிச் சத்தம் கேட்டா வண்டியை விட்டுக் குதிச்சு ஓடி வரணும், எங்க விழுந்துச்சுன்னு பாக்க. குதிரைங்க வேலி வரைக்கும் ஓடுச்சு. சிர்பா போன் பண்ணிட்டா. இது முப்பது அடியில படுத்திருக்கு, பின்கதவு தொறந்திருக்கு.

— துய்யா, என்ன பண்றே?

— அந்தப் பால் கேனையும் ஸ்பேனரையும் எடு. இது பின்னாடி நின்னு அடி. நல்லா அடி. இன்னும் ஒண்ணு.

— அடிச்சேன்.

— காது மடல்கூட அசையலை. இப்ப வண்டியோட தரையில கையால தட்டு.

— எந்திரிச்சிருச்சு. சரி சரி, நக்காதே. இறங்கு. இறங்கிக்கோ.

— விடு, அது பாட்டுக்கு மோந்துட்டுப் போகட்டும். இப்ப, அது உனக்கு முதுகைக் காட்டி நிக்குதுல்ல, கூப்பிடு.

— ரிம்மா. வா.

— பலமா.

— ரிம்மா, வாடி இங்க.

— விசில் அடி.

— அடிச்சிட்டேன். வாலைக்கூட ஆட்டலை. ஆனா வீட்டுல வருதே துய்யா. சோறு வச்சா வருது, ஐலா வந்தா ஓடுது.

— வீட்டுல தரை அதிருது, ஆள் தெரியுது, சோத்து வாசனை வருது. இப்பச் சத்தமே போடாதே. சுத்திட்டுப் போய் அது கண்ணுக்கு முன்னாடி நில்லு. கையை மட்டும் ஆட்டு.

— பாத்துருச்சு. வருது. துய்யா, ஓடி வருது. மெதுவா வாடி, கீழ தள்ளிராதே. மெதுவா.

— இதுக்குத் திமிர் இல்லை அண்ணே. காது கேக்கலை.

— எப்படி?

— எத்தனை மான் சுட்டிருக்கே இதை வச்சு?

— இருபத்தாறு.

— ஒவ்வொண்ணுலயும் நாய் எங்க நிக்கும்? மானுக்கும் உனக்கும் நடுவுல. குழலுக்கு முன்னாடி. பின்னாடி நிக்குற உன் காதே பாதி போயிருச்சு. முன்னாடி நிக்குறவங்களுக்கு இடி அதைவிடப் பல மடங்கு. இதை நான் உன்கிட்டச் சொல்லிருக்கேன். நீ சிரிச்சே, நானும் ரோஷப்பட்டு விட்டுட்டேன். விட்டுருக்கக் கூடாது. சட்டையைப் புடிச்சுச் சொல்லிருக்கணும்.

— நான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். கோவத்துல ஒருநாள் கயித்தால அடிச்சேன்கூட. அது என்னையே பாத்துட்டு நின்னுச்சு.

— அதுக்கு எதுக்கு அடி வாங்குறோம்னே தெரிஞ்சிருக்காது. இங்க கேளு. அதிர்ற கழுத்துப்பட்டை இருக்கு. நீ பட்டனை அமுக்குனா அதோட கழுத்துல குறுகுறுங்கும், வலிக்காது. குறுகுறுன்னா உன்கிட்ட வரணும்னு சாஸேஜ் குடுத்துப் பழக்கிட்டா ரெண்டு மாசத்துல புடிச்சுக்கும். காது கேக்காத நாய் எத்தனையோ அப்படித்தான் வருது. இந்த சீசன் காட்டுக்குப் போக வேண்டாம், வீட்டுல அண்ணிக்குத் துணையா இருக்கட்டும். எஸ்கோகிட்ட நான் பேசுறேன். என் சாமானை ஒளிச்சு வச்சதுக்கு அவன் எனக்கு ஒரு உபகாரம் பண்ணித்தான் ஆகணும்.

— இந்தச் சைலன்சர்?

— அது உன் துப்பாக்கியிலேயே கெடக்கட்டும். இனிமே கழட்டுனே, நானே உன்னை ரஷ்யாவுக்கு அனுப்பிருவேன். என்ன அண்ணே, இப்படித் தரையில உக்காந்துட்டே? எந்திரி, ஈரமா இருக்கு. அதான் ரிம்மா பொழைச்சிருச்சே. பாரு, உன் மூஞ்சி பூரா நக்கிட்டு இருக்கு.

— இதுக்கு முன்னாடி ஹல்லா இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?

— இல்லாம? குடல் நோய் வந்து செத்துச்சே, பாவம்.

— நோய்னு உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன் துய்யா. அதுவும் கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கலை, அதனால சுட்டேன்.